எட்டுக் கிலோ

அத்தியாயம் 17

விஜயராஜ் பனியில் காணாமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்த எட்டு மாதமும் பாகூரில் அந்த வீட்டில் பண்டிகையும் நடக்கவில்லை, கருமாதியும் நடக்கவில்லை. இளவரசியின் கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. அதற்கு மேல் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

போன வாரம்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. மலையில் பனி உருகத் தொடங்கிவிட்டதாம். ஆடு மேய்க்கப் போனவர்கள் பாறை இடுக்கில் ஒரு சிவப்புப் பையைப் பார்த்திருக்கிறார்களாம். தேடிப் போக ஒரு குழு கிளம்புகிறது; அடையாளம் சொல்லக் குடும்பத்திலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றார் மலைவழிகாட்டி.

மகனைத் தேடி சாமிநாதன்தான் போவதாக இருந்தார். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரி டாக்டர் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "இந்த இதயத்தை வெச்சிக்கிட்டு அவ்வளவு உயரம் ஏறக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த மருமகள் எழுந்து, "அப்ப என்னைப் பாருங்க டாக்டர்" என்றாள்.

இன்று மாலை நான்கு மணி பஸ்ஸில் அவள் கிளம்பவேண்டும். வழிகாட்டி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முதுகுப் பை எட்டுக் கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது. கடைசி இரண்டு நாள் ஏற்றத்தில் கோவேறு கழுதையும் வராது, சுமையாளும் வரமாட்டார். எடை கூடினால், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் அடிவாரத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

காலை ஒன்பது மணிக்குச் சாமிநாதன் மாட்டுக்கொட்டகையின் குறுக்குக் கட்டையில் தொங்கு தராசை மாட்டினார். நெல் மூட்டை நிறுக்கிற தராசு. வியாபாரி கொண்டுவரும் தராசை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. சாக்குப் பையைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். கால் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

வெளி கேட்டில் தமிழ்க்குமரன் நின்றிருந்தான். தோளில் ஒரு பெரிய பை, கையில் இன்னொன்று. விஜயராஜோடு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவன். அந்த மலைக்கு ஒன்றாகப் போனவன். திரும்பி வந்தவன். இப்போது இளவரசிக்குத் துணையாகப் போகப் போகிறவனும் அவன்தான். அந்த ஊர் பாஷை இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"நிக்காத, உள்ள வாடா" என்றார் சாமிநாதன்.

அவன் கண் சமையலறை ஜன்னல் பக்கம் போனது. ஜன்னலில் தெரிந்த விஜயராஜின் அம்மா கஸ்தூரியின் முகம் உடனே மறைந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவள் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆறு பேர் போனீங்க. அஞ்சு பேர் எப்டிடா வந்தீங்க?" அதற்குப் பிறகு அவனுக்கு அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்ததில்லை. அவனும் கேட்டதில்லை.

இளவரசி எடுத்து வைத்திருந்ததையெல்லாம் ஒரு பையில் திணித்துத் தராசில் மாட்டினார்கள். பதினொன்று நானூறு காட்டியது.

"மூணு நானூறு எறக்கணும் அண்ணி. எம்பையில உங்களுக்கு இருக்கற சாமானுக்கும் எடம் வேணும்" என்றான் தமிழ்க்குமரன். கொட்டகைத் தரையில் ஒரு சாக்கை விரித்து, பையை அதன்மேல் கொட்டினான்.

ஜீன்ஸ் முதலில் வெளியே போனது. நனைந்தால் காயாது, காயாதது எல்லாம் அங்கே எதிரி. டர்க்கி டவல் போய் சாமிநாதனின் காசித்துண்டு வந்தது. எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலுக்குப் பதில் கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போட்ட பிளாஸ்டிக் பாட்டில் இரண்டு. சோப்பை நூலால் நாலாக அறுத்து ஒரு துண்டை மட்டும் எடுத்தான். தேங்காய் எண்ணெயைக் கண் மருந்து பாட்டிலில் ஊற்றினான். பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து நடுவில் ஒடித்தான்.

"அத்த இன்னாத்துக்குடா ஒடிக்கிற?" என்றார் சாமிநாதன்.

"காம்பு எதுக்குப்பா? வெரல்ல புடிக்கிற அளவு இருந்தா போதும்."

"அப்ப பாதிப் பல்லத்தான் வெளக்கணும் போல."

இளவரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சாமிநாதனும் வேறு பக்கம் பார்த்தார். இந்த வீட்டில் சிரிப்பு, அனுமதி கேட்காமல் நுழைந்த விருந்தாளி மாதிரி ஆகியிருந்தது.

இறகு அடைத்த மேல்சட்டையைத் தமிழ்க்குமரன் தராசில் மாட்டினான். முந்நூற்றைம்பது கிராம்.

"ஊதினா பறந்துடும். இதுவாடா குளிர தாங்கும்?"

"உள்ள நிக்கிற காத்துதான்பா சூடு. கனத்துல ஒண்ணும் இல்ல."

"கனம் இல்லாம சூடு எங்கருந்து வரும்" என்று முணுமுணுத்தார் சாமிநாதன். பாகூரில் பிறந்து பாகூரிலேயே அறுபதைத் தொட்டவர் அவர். மார்கழிப் பனிக்கு மேல் ஒரு குளிரை அவர் உடம்பு அறிந்ததில்லை.

கடைசியாகத் தமிழ்க்குமரன் தன் பையின் அடியிலிருந்து ஒரு பச்சை உருண்டையை எடுத்தான். கயிற்றை அவிழ்த்து உதறியதும் அது ஆள் நீளத்துக்கு உப்பியது. உள்ளே புகுந்து கழுத்துவரை மூடிக்கொண்டு தூங்குகிற பை. "ஒண்ணு நூறு. உறைபனியிலகூட தாங்கும். இதைவிட லேசா வாடகைக்குக் கெடைக்கல அண்ணி" என்று சொல்லிவிட்டு, எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டான்.

இளவரசி அந்தப் பையைத் தொட்டாள். இடப்பக்க ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் இருந்தது. நீல நூல். பச்சை நூல் வீட்டில் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, "எவன் பார்க்கப் போறான், நீலத்துலயே தை" என்று சொல்லி விஜயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தைக்க வைத்த தையல்.

இது அவருடையது.

இது கீழே வந்திருக்கிறது என்றால், மேலே போகவில்லை.

அவள் தமிழ்க்குமரனைப் பார்த்தாள். அவன் நிமிரவில்லை. அவள் கேட்க வாயெடுத்த நேரத்தில் கஸ்தூரி கொட்டகைக்குள் வந்தாள். இரண்டு கையிலும் ஏந்தியிருந்தது கறுப்புக் கம்பளி ஒன்று.

"இத்தயும் வெய்யி" என்றாள் கஸ்தூரி. மகனைக் கொண்டுபோனவன் முகத்தைப் பாராமல் மருமகளிடம் சொன்னாள்.

அதன் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில், மோட்டார் சைக்கிளில் கம்பளி விற்க வந்த வடநாட்டுக்காரரிடம் கஸ்தூரி ஜோடியாக வாங்கினாள். ஒன்று இது. இன்னொன்றைத்தான், மகன் பனிமலைக்குப் போகிறான் என்று தெரிந்ததும், திரௌபதியம்மன் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து எடுத்து, மூலையில் மஞ்சள் நூல் கட்டிக் கொடுத்தனுப்பினாள். சிரித்துக்கொண்டே வாங்க மறுத்தவனைக் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்ய வைத்தாள். "எங்க போனாலும் இத்த வுடமாட்டேன்னு சொல்லு." அவன் சொன்னான்.

சாமிநாதன் பேசாமல் கம்பளியை வாங்கித் தராசில் மாட்டினார். இரண்டு எழுநூறு.

"எடம் இல்ல அத்த" என்றாள் இளவரசி மெதுவாக. "எட்டுக்கு மேல போனா சேத்துக்க மாட்டாங்களாம்."

"அவன் மட்டும் எடுத்துக்குனு போனானே."

மாடு ஒன்று வைக்கோலை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் கஸ்தூரி தமிழ்க்குமரன் பக்கம் திரும்பினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். அம்மனுக்குப் பயந்து உண்மையச் சொல்லு. கடைசியா நீ அவன பார்க்கும்போது, நான் குடுத்த கம்பளி அவங்கிட்ட இருந்துதா?"

தமிழ்க்குமரன் கையிலிருந்த பச்சைப் பையைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"இருந்துச்சும்மா. போத்திக்குனுதான் இருந்தாரு."

கஸ்தூரி கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. இத்தனை நாளாக நெஞ்சில் அடைத்திருந்த எதுவோ மெல்ல இறங்குவது முகத்தில் தெரிந்தது. "போதும்" என்றாள். "அது போதும். எம்புள்ள குளிர்ல செத்தானோ பொழைச்சானோ, வெறும் ஒடம்போட இல்ல."

பிறகு, "கையக் கழுவிக்குனு உள்ள வா, தமிழு. சாப்ட்டுட்டுப் போவலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவன் உள்ளே போய் உட்கார்ந்தான். கஸ்தூரி இலை போட்டுச் சோறு வைத்தாள். கத்திரிக்காய்க் காரக்குழம்பு, முருங்கைக்கீரை, அப்பளம். "இன்னும் கொஞ்சம் போட்டுக்க. மலையில யாரு ஆக்கிப் போடப் போறா?" என்று இரண்டாம் முறையும் குழம்பை ஊற்றினாள். அவனுக்கு ஒரு கவளம்கூட இறங்கவில்லை என்பது கதவோரம் நின்ற இளவரசிக்குத் தெரிந்தது. ஆனாலும் அவன் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். பசியில்லாத ஒருவன் இன்னொருவர் மனசுக்காகச் சாப்பிடுகிற சோறும் தர்மக் கணக்கில் சேரும் என்றே தோன்றுகிறது. போட்டவளுக்கு அன்றைக்கு அதில் கிடைத்த நிம்மதியைக் கடவுள் பார்க்காமலா இருப்பார்?

அவன் சாப்பிடும்போது சாமிநாதன் கொட்டகையில் தனியாகப் பையைக் கடைசியாக நிறுத்தார். ஏழு தொள்ளாயிரம். மடியிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். எள்ளும் பச்சரிசியும் கற்பூரமும். அதைப் பையின் ஓர ஜிப்புக்குள் வைத்து மூடினார். சரியாக எட்டு. திரும்பியவர் மருமகள் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்.

மூன்று மணிக்குக் கஸ்தூரி இளவரசியைச் சாமி மாடத்துக்கு முன்னால் அழைத்தாள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"நான் உங்கிட்ட எதுவும் கேட்டதில்லம்மா. இத்த மட்டும் கேக்குறேன். அவன் கெடைச்சாலும் சரி, கெடைக்கலன்னாலும் சரி, அந்தக் கம்பளி கண்ணுல பட்டா கொண்டாந்துடு. மூலையில மஞ்ச நூல் இருக்கும். எம்புள்ளயக் கடைசியா அணைச்சிக்குனு இருந்தது அதுதான். எனக்கு அது வேணும்."

"கொண்டாறேன் அத்த."

"கற்பூரத்த அணைச்சிச் சொல்லு."

இளவரசி தட்டைப் பார்த்தாள். நீல நூல் தையல் மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அதன் முழு அர்த்தம் இன்னும் அவளுக்குக் கிடைக்கவில்லை. எதிரே இருந்ததோ, எட்டு மாதத்தில் இன்று முதல்முறையாகத் தமிழ்க்குமரனுக்குச் சோறு போட்ட ஒரு தாயின் முகம். இல்லை என்று சொல்ல எந்த மருமகளுக்கு மனசு வரும்? வலது கையை நீட்டிச் சுடரின் மேல் வைத்து அழுத்தினாள். சுருக்கென்றது. புகை வந்தது. உள்ளங்கையில் கரி ஒட்டியது.

கஸ்தூரி அவள் நெற்றியில் திருநீறு பூசினாள். வாசல்வரை வந்தவள் அதற்கு மேல் வரவில்லை.

பாகூர் பஸ் நிறுத்தத்துக்குச் சாமிநாதன் பையைத் தன் மொபெட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார். பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்தினார்.

"தமிழு, நான் எடை போட்டே காலம் தள்ளினவன். எங்கிட்ட மறைக்காத" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அன்னிக்கு அவன் கெளம்பும்போது அதே கொட்டாயிலதான் பைய மாட்டினான். பதினொண்ணு காட்டுச்சு. இந்தப் பச்சைப் பையும் அதுல இருந்தது. கம்பளியும் இருந்தது. மேல ஏற எவ்ளோ வுட்டாங்க?"

"பத்துப்பா."

"ஒரு கிலோவ எறக்கணும். ரெண்டு எழுநூறு கம்பளிய எறக்கியிருந்தா முடிஞ்சிருக்கும். ஒண்ணு நூறு பைய எறக்கியிருக்கான். அப்டித்தானே?"

தமிழ்க்குமரன் முகத்தை மூடிக்கொண்டான். காலையிலிருந்து பாதியாக நின்ற சந்தேகம் இப்போது முழுசாக வந்து இளவரசி முன் நின்றது.

"அடிவாரத்துல டீக்கடைக்காரர்கிட்ட குடுத்துட்டு வந்தாரு அண்ணி" என்றான். கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "'எங்கம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டா, கம்பளியில சமாளிச்சிக்கறேன்'னாரு. ரெண்டு நாள் சமாளிச்சாரு. திரும்பும்போது மழை. அப்புறம் பனி. கம்பளி தண்ணியக் குடிச்சிக் குடிச்சி ஏழெட்டுக் கிலோ கனத்துருக்கும். அதைப் போத்திக்குனு நடக்க முடியாம பின்தங்கிட்டாரு. 'தூக்கிப் போடுண்ணா'ன்னு கெஞ்சினேன். 'நீ முன்னாடி போ, வரேன்'னாரு. நான் போனேன் அண்ணி. நூறு அடி போயித் திரும்பிப் பார்த்தா வெள்ளையாத்தான் இருந்துச்சு."

சாமிநாதன் மொபெட்டின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார்.

"கெளம்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்தான்டா" என்றார். "'இத்த வூட்லயே வெச்சிட்டுப் போவட்டுமாப்பா'ன்னு கேட்டான். நான்தான், 'உங்கம்மா மனசு நோவும், எடுத்துக்குனு போ'ன்னு சொன்னேன்."

டீக்கடை ரேடியோவில் ஏதோ விளம்பரம் ஓடியது. மூன்று பேரில் ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. அம்மா அன்பாகக் கொடுத்தாள். அப்பா அன்பாகச் சொன்னார். பிள்ளை அன்பாகச் சுமந்தான். இதில் யாரைப் பழிப்பது? பழிக்க ஒருவர் கிடைத்திருந்தால் அந்த மூன்று பேருக்கும் அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

சாமிநாதன் மருமகள் பக்கம் திரும்பினார்.

"உங்க அத்தைக்கு இது தெரியவே கூடாதும்மா. தெரிஞ்சா அவ அன்னிக்கே போயிடுவா. அவன் கெடைச்சா, அந்தக் கம்பளியோடதான் கெடைப்பான். எங்க கெடைச்சுதோ அங்கயே அத வுட்டுட்டு வந்துடு. பொதைச்சிடு. மஞ்ச நூலோட அது இந்த வூட்டுக்குள்ள வந்தா, எப்பனா ஒருநாள், யாரனா ஒருத்தர் வாயில வந்துடும். வுட்டுட்டு வந்துடும்மா. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

இளவரசி வலது கையை மெல்ல விரித்து அவர் முன் நீட்டினாள்.

நடுவில் கறுப்பு வட்டம். சுற்றிலும் தோல் சிவந்து கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. தன் மகன் கையிலும் அதைப் பார்த்தவர் அவர்.

"எதுக்கு?" என்றார். கேட்கும்போதே பதில் தெரிந்த கேள்வி.

"கொண்டாறேன்னு."

தமிழ்க்குமரன் தலையைத் தூக்கினான். "அண்ணி, எறங்கும்போதும் எட்டுதான். அந்தச் சரிவுல அது இப்ப ஈரமாத்தான் கெடக்கும். அதைத் தூக்கிக்குனு ஒங்களால..."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "புதுச்சேரி, புதுச்சேரி" என்று கூவினார். ஆட்கள் ஏறினார்கள். சாமிநாதன் பையைத் தூக்கிக்கொண்டார். மருமகளை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்து, பையை அவள் காலடியில் வைத்தார். பிறகு வேகமாக இறங்கிப் போய், டீக்கடையில் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்தார்.

"கைய நீட்டும்மா."

நீட்டினாள். அவர் ஒரு கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காயத்தின் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். கரி கரைந்து அவர் சட்டைக் கையில் வழிந்தது. சொம்பு காலியாகும்வரை ஊற்றினார். கண்டக்டர் பார்த்துவிட்டு, விசில் ஊதாமல் கொஞ்சம் பொறுத்தார்.

"சத்தியத்தை மீறினா சாமி கண்ணக் குத்தும்னு எனக்குச் சொல்லித்தான் வளர்த்தாங்க" என்றார் சாமிநாதன், அவள் கையை விடாமல். "எனக்கு இப்ப சாமிகிட்ட பயம் இல்லம்மா. நீ இறங்கி வரணும். வெறுங்கையோட வா."

இளவரசி அவர் முகத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்ல நினைத்தாள். வாசலில் நின்ற அத்தையின் முகம் குறுக்கே வந்தது.

விசில் ஊதியது. பஸ் நகர்ந்தது. அவர் கை அவள் கையிலிருந்து நழுவும்வரை அவள் பதில் சொல்லவில்லை.